வருகைப் பதிவேட்டில் பென்சில் புள்ளிகள்

ஜூலை 6

அன்புள்ள டீச்சருக்கு,

நீ போய் இன்றோடு பதினெட்டு நாள். ஐந்து முறை போன் செய்தேன். ஐந்து முறையும் மணி அடித்து அடித்து அதுவே அலுத்துப்போய் நின்றது. பஸ் நிலையத்தில் என் கையிலிருந்து பெட்டியை வாங்கும்போதே நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் ஒரு வாரம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு வாத்தியாரின் கணக்கே தப்பாகிப்போயிற்று.

ஒரு செய்தி இருக்கிறது. அதைச் சாக்காக வைத்துத்தான் எழுதுகிறேன். உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "சார், புது ஆள் வர்ற வரைக்கும் நாலாம் வகுப்பை நீங்களே பாத்துக்கங்க. உங்க வீட்டம்மா வகுப்புதானே" என்றார். பதினாறு வருஷம் பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தியவன், ஒன்பது வருஷம் இந்தப் பள்ளியின் பரீட்சைப் பொறுப்பாளன். இப்போது முப்பத்தொரு வாண்டுகளுக்கு நடுவில், முழங்கால் இடிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நாளே இருபத்தைந்து மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வைத்தேன். எங்கே நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா? அதிகபட்சம் பதினான்கு. ஒன்பது பேர் ஐந்துக்குக் கீழே. நம் சாப்பாட்டு மேஜையில் நீ வாய் ஓயாமல் பேசுவாயே, அந்த ஜன்னல்காரி, உன் வகுப்பிலேயே கெட்டிக்காரி, அவள் வெற்றுத்தாளைக் கொடுத்தாள். பெயர் மட்டும் இருந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். வருத்தமாக இருந்தது. உன்மேல் வருத்தம் இல்லை, உனக்காக.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிக்கொடுத்தது பொய் இல்லை. நான்காம் வகுப்பு ஆசிரியையிடமிருந்து மாதத்தேர்வு மதிப்பெண்கள் வந்தனவா என்று ஆய்வாளர் கேட்டார். 'பெறப்படவில்லை' என்று ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ தேர்வே வைப்பதில்லை. வராததை எப்படி வந்தது என்று எழுதுவது? பெண்டாட்டி என்பதற்காக மாற்றி எழுதினால் நான் என்ன பொறுப்பாளன்? ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு இடமாற்றம் என்று உன்னை இத்தனை தூரம் தூக்கிப் போடுவார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். சமையல்கட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணா, அண்ணி வர்றதுக்குள்ள இங்க புல்லு முளைச்சிடும்" என்றாள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. உன் தலையணை உறையை நான் இன்னும் துவைக்கவில்லை.

பதில் போடு.

உன் பரீட்சை சார்


ஜூலை 13

பரீட்சைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

போன் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் கோபம் போய்விடும். அதைப் போகவிட எனக்கு இன்னும் மனமில்லை. எழுதுங்கள், படிக்கிறேன்.

பதில் போடவே கூடாது என்றுதான் இருந்தேன். முதல் நாளே பிள்ளைகளிடம் கேள்வித்தாளை நீட்டினீர்கள் என்று படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை 'வாங்க' என்று கூடச் சொல்லாமல் எடை பார்க்கும் மெஷினில் ஏற்றுவார்களா? பதம் பார்ப்பதெல்லாம் ஒரே பானையில் வெந்த சோற்றுக்கு. இது முப்பத்தொரு பானை சார். ஒன்று கொதித்து வழியும், ஒன்றில் இன்னும் அரிசியே போட்டிருக்க மாட்டார்கள்.

நான் செய்கிறதைச் சொல்கிறேன். செய்தால் செய்யுங்கள். பாடத்தின் நடுவில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லுங்கள். நன்றாகப் புரிந்தவர்கள் ஐந்து விரல், அரைகுறை என்றால் மூன்று, ஒன்றுமே புரியவில்லை என்றால் ஒன்று. நெஞ்சுக்கு நேரே காட்டவேண்டும். கண் மூடியிருந்தால் பக்கத்து ஆளைப் பார்த்து விரலைக் கூட்ட முடியாது. பலகையில் வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு யார் முகம் சுளிக்கிறது என்று பாருங்கள். சரியாகச் சொன்னவர்களையும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள், சரியான விடைக்குப் பின்னால் தப்பான வழி பதுங்கியிருக்கும். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, இன்றைக்கு என்ன குழப்பியது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எதற்கும் மதிப்பெண் போடாதீர்கள். சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஜன்னல்காரிக்குப் பூஜ்யம் போட்டிருந்தால் அடித்துவிடுங்கள்.

என் கோபம் அந்த 'பெறப்படவில்லை' என்ற வார்த்தையின் மேல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது, அப்படியே நினைத்துக்கொண்டிருங்கள்.

தலையணை உறையைத் துவையுங்கள். உங்களுக்குத் தூசி ஆகாது.

நாலாம் வகுப்பு ஆசிரியை (முன்னாள்)


ஜூலை 22

அன்புள்ள டீச்சருக்கு,

'முன்னாள்' என்று நீ எழுதியதைப் பார்த்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போகட்டும்.

விரல் வைத்தியம் செய்தேன். பழக்க தோஷத்தில், "கண்ணைத் திறக்கறவங்களுக்கு மார்க்கைக் குறைச்சிடுவேன்" என்று சொல்லித் தொலைத்தேன். முப்பத்தொரு பேரும் ஐந்து விரல்! பயத்தில் ஒருத்தன் பத்து விரலும் காட்டினான். மூன்றாம் நாள்தான் ஒன்றும் மூன்றும் தலைகாட்டின.

பலகையில் நாற்பத்தெட்டையும் முப்பத்தேழையும் கூட்டி எழுபத்தைந்து என்று போட்டேன். நீ வாயாடி என்று சொல்வாயே, அவள் எழுந்து, "சார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம். ஆனால் ஒன்று பார்த்தேன். நாலு பேர் சிரிக்காமல் எழுபத்தைந்தை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மீதியைத் தூக்கிப் போட அவர்களுக்குத் தெரியவில்லை. என் தேர்வில் அந்த நாலு பேரும் எட்டு ஒன்பது வாங்கி நடுவில் ஒளிந்திருந்தவர்கள். பதினான்கு வாங்கிய புலியிடம், "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றேன். "அண்ணனோட பழைய பேப்பர்ல இதே கேள்வி சார்" என்றது புலி. கேள்வித்தாள் தயாரித்தது நான்தான். எட்டு வருஷமாக மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

ஜன்னல்காரிதான் புரியவில்லை. ஐந்து விரல் காட்டுகிறாள், எழுதச் சொன்னால் வெற்றுத்தாள். துண்டுச்சீட்டுகூட வெறுமையாகத்தான் வருகிறது. பொய் சொல்கிறாளா? நீயே சொல்லேன்.

துண்டுச்சீட்டில் ஒருவன், 'நீங்கள் வேகமாகப் பேசுகிறீர்கள்' என்று எழுதியிருந்தான். ஏழு பேர், என்ன குழப்பியது என்று கேட்டதற்கு, 'டீச்சர் எப்போது வருவார்கள்' என்று எழுதியிருந்தார்கள். எனக்கும் ஒரு சீட்டு கொடுத்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

உன் பரீட்சை சார்


ஜூலை 30

பரீட்சை சாருக்கு,

அந்த ஏழு சீட்டையும் எனக்கு அனுப்பி வையுங்கள். நான் அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அழுதேன்தான். ஆனால் நீங்கள் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜன்னல்காரியைப் பற்றிச் சொல்லமாட்டேன். நான் சொன்னால் என் விடை உங்களுக்குத் தெரியும், அவளைத் தெரியாது. ஒரு நாள் முழுக்கக் கையில் பேனா இல்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். உத்துப் பார்த்து அவளைப் பயமுறுத்திவிடாதீர்கள். நீங்கள் மேற்பார்வை பார்த்தால் எனக்கே கூட்டல் மறந்துபோகும்.

இங்கே பள்ளிக்கூடம் இரண்டு அறை. மூன்று வகுப்புக்கும் சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகள். வந்து ஆறு வாரம் ஆகிறது, இன்னும் யாரும் என்னிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசவில்லை. கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். நான் இருப்பது ஒரு தையல் கடைக்கு மேலே. பகல் முழுக்க மெஷின் சத்தம். தையல்காரம்மா வாயும் மெஷின் மாதிரிதான், நிற்காது. நேற்று தைக்கக் கொடுத்திருந்த ஒரு பெண்ணுக்கு ஒரே சட்டையை நாலு முறை போட்டுப் பார்த்துக் கழற்றினார். எதற்கு இத்தனை தடவை என்றேன். "தச்சு முடிக்கறதுக்கு முன்னாடிதாம்மா போட்டுப் பாக்கணும். வெட்டி முடிச்சு, தச்சு முடிச்சு, கடைசில போட்டுப் பாத்து 'பத்தல'ன்னு சொல்றதுக்கு நான் எதுக்கு?" என்றார். உங்கள் நினைவுதான் வந்தது. சிரித்தேன். அவருக்கு ஏன் என்று தெரியாது.

சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளி விட்டால் இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. நீங்கள் வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்கும் நேரம் அது.

டீச்சர்


ஆகஸ்ட் 9

என் டீச்சருக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்! தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்லவேண்டும் போல இருக்கிறது.

அவள் இடதுகைக்காரி. பெஞ்சில் இடது ஓரம், ஜன்னலை ஒட்டி நீ உட்காரவைத்திருந்தாய். நான் வந்த முதல் நாளே என்ன செய்தேன்? பரீட்சை எண் வரிசைப்படி எல்லோரையும் மாற்றி உட்காரவைத்தேன். ஒழுங்காம் ஒழுங்கு! அவளுக்கு இடதுபக்கம் ஒரு வலதுகைக்காரன். இவள் எழுத ஆரம்பித்ததும் இரண்டு முழங்கையும் இடிக்கிறது. அவன் கோடு இழுபட்டுப்போய், "சார், இவ இடிக்கிறா" என்கிறான். நானும் நிமிர்ந்து பார்க்காமலேயே, "சத்தம் போடாதே" என்கிறேன். அவள் கையை மடியில் வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். மணி அடிக்கும் வரை அந்தக் கை மேலே வருவதில்லை. இதை நேற்று மட்டும் மூன்று முறை பார்த்தேன். இத்தனை நாள் எதிரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

ஜன்னலோரத்துக்கு மாற்றினேன். துண்டுச்சீட்டில் முன்னும் பின்னும் எழுதி, இன்னொரு சீட்டு கேட்டாள். இடைவேளையில் மீதி தூக்கிப் போடத் தெரியாத அந்த நாலு பேருக்கும் கூழாங்கல்லை வைத்து அவள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என்னைவிட நன்றாகச் சொல்கிறாள்.

பூஜ்யத்தை அடித்துவிட்டேன். பழைய எட்டு வருஷக் கேள்வித்தாளையும் கிழித்துப் போட்டேன்.

ஒன்றுதான் நெஞ்சை அரிக்கிறது. இத்தனையும் உனக்கு ஒவ்வொரு பிள்ளை விஷயத்திலும் தெரிந்திருக்கிறது. இதை எங்காவது எழுதி வைத்திருந்தால், அன்றைக்கு ஆய்வாளர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டியிருக்கலாமே! இந்த இடமாற்றமே வந்திருக்காதே! ஏன் டீச்சர் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை?

உன் நான்


ஆகஸ்ட் 17

ஏன் எழுதி வைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதி வைத்திருந்தேன்.

ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்குத் தலைவலி, படுத்துவிட்டேன். நீங்கள் என் பையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தீர்கள். நான் எழுந்து வந்தபோது மேஜை முழுக்க ரப்பர் தூள். "உன் ரிஜிஸ்டர்ல பசங்க பக்கத்துக்குப் பக்கம் பென்சில்ல கிறுக்கி வச்சிருக்காங்க. நாளைக்கு அந்தாள் பாத்தா என்ன நினைப்பாரு? எல்லாத்தையும் அழிச்சிட்டேன். பளிச்னு இருக்கு பாரு" என்றீர்கள். தூளை உள்ளங்கையால் வழித்துக் குப்பையில் போட்டீர்கள். முகமெல்லாம் சந்தோஷம்.

பிள்ளைகள் கிறுக்கியதில்லை. ஜனவரியில் பள்ளி ஆண்டு தொடங்கியதிலிருந்து ஐந்து மாதம், முப்பத்தொரு பெயருக்கு நேரே, தினமும் நான் வைத்த குறிகள். யார் கேள்வி கேட்டது, யார் சொல்லிக்கொடுத்தது, யார் தடுமாறியது, எல்லாம். என்னிடம் வேறு நகல் இல்லை.

நான், "நல்லா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்று தெரிந்தால் அன்றைக்கே உடைந்துபோயிருப்பீர்கள். மறுநாள் ஆய்வாளர், "எதை வச்சு இந்தப் பிள்ளைங்க முன்னேறியிருக்காங்கன்னு சொல்றீங்க? பதிவு எங்கே?" என்றார். இல்லை என்றேன். என் வீட்டுக்காரர் அழித்துவிட்டார் என்று சொல்லியிருந்தால் அரசாங்கப் பதிவேட்டில் கை வைத்த பரீட்சைப் பொறுப்பாளர் என்று உங்களைப் பிடித்திருப்பார்கள். அதற்கு அப்புறம்தான் நீங்கள் 'பெறப்படவில்லை' என்று எழுதினீர்கள்.

சொல்லாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள்தான் கேட்டீர்கள்.


ஆகஸ்ட் 24

டீச்சர்,

நாலு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதினால் சின்னதாக இருக்கிறது.

பதிவேடு இப்போது என்னிடம்தானே இருக்கிறது. சாயங்காலம் எல்லோரும் போனபின் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நீ பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். ரப்பர் கரியைத்தான் எடுத்திருக்கிறது, பள்ளம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் தெரிகிறது டீச்சர். புள்ளி, கோடு, சுழி, சில இடங்களில் பெருக்கல் குறி. ஜனவரியை முழுக்க வேறு தாளில் எடுத்து எழுதிவிட்டேன், பிப்ரவரியில் பாதி. ஆனால் எதுவும் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. புள்ளி என்றால் என்ன? சுழி என்றால் என்ன? எல்லாம் எதற்குப் பென்சிலில்?

நான் கல்வி அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன். உன் இடமாற்றம் என் தப்பு.


செப்டம்பர் 1

பரீட்சை சாருக்கு,

பள்ளம் இருக்கிறது என்று படித்ததும் இரண்டு முறை படித்தேன். பிறகு தையல்காரம்மாவிடமும் படித்துக் காட்டினேன். அவர், "உன் வீட்டுக்காரர் பரவால்லயே, கெடுக்கவும் தெரியுது, தேடவும் தெரியுது" என்றார்.

புள்ளி என்றால் அன்றைக்குத் தானாக ஒரு கேள்வி கேட்டது. கோடு என்றால் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தது. சுழி, பார்த்து எழுதியது. திட்டுவதற்காக இல்லை, எங்கே சிக்கியது என்று மறுநாள் தனியாகக் கேட்பதற்காக. பெருக்கல் குறி, உடம்பு வகுப்பில் இருக்கிறது, மனசு எங்கோ. நாலு நாள் தொடர்ந்து பெருக்கல் குறி விழுந்தால் நான் அந்த வீட்டுக்குப் போய்வருவேன். பென்சில் ஏன் என்றால், பிள்ளைகள் மாறுவார்கள். நேற்று சுழி வாங்கியவள் இன்றைக்குக் கோடு வாங்குவாள். மையில் எழுதினால் என் மனதிலும் அது மையாகிவிடும்.

அலுவலகத்துக்குப் போகாதீர்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பொறுப்பு உங்களுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். மொடமொடவென்று இஸ்திரி போட்ட சட்டையில், பரீட்சை அலமாரிச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நீங்கள் நடக்கிற நடை எனக்குப் பிடிக்கும். ஒருவர் தண்டனை அனுபவிப்பது போதும்.

இங்கே ஒரு சின்னப் பெண் நேற்று முதல்முறையாக முழு வாக்கியம் பேசினாள். "டீச்சர், உங்க ஊர்ல யார் இருக்கா?" "ஒரு கணக்கு சார் இருக்கார்" என்றேன்.

டீச்சர்


செப்டம்பர் 12

என் டீச்சருக்கு,

போய்விட்டேன். திட்டு.

அதே ஆய்வாளர். பதிவேட்டை அவர் மேஜையில் வைத்து, நான்தான் அழித்தேன் என்றேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதை வச்சு என்ன சார் சொல்ல வர்றீங்க?" என்றார். வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். "மார்ச் மாசத்துலேர்ந்து பாருங்க, இந்தப் பொண்ணுக்குத் தினமும் கோடு. அடுத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கா. அதே பொண்ணு நான் வச்ச பரீட்சைல வெறும் பேப்பர் குடுத்தா. என் பரீட்சை தப்புன்னு இந்த ரிஜிஸ்டருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "வாயால சொன்னா ஆகாது. எழுதிக் குடுங்க" என்றார். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். குறிகளின் அர்த்தத்தையும் உன் கடிதத்திலிருந்து பார்த்து எழுதினேன்.

முடிவு நேற்று வந்தது. என்னைப் பரீட்சைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பணிப்பதிவில் ஒரு கண்டிப்பு. அலமாரிச் சாவியைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தபோது இடுப்பு லேசாக இருந்தது. வலித்தது என்றும் சொல்லவேண்டும். உன் இடமாற்றத்தை ரத்து செய்யலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அக்டோபர் ஐந்துக்குள் நீ சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். ஆணை உன் கைக்கே வரும்.

வா என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதாமல் இருக்கிறேன், பார்.

உன் வெறும் சார்


செப்டம்பர் 20

வெறும் சாருக்கு,

போகாதீர்கள் என்றேன், போனீர்கள். கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லமாட்டேன்.

ஆணை வந்துவிட்டது. தையல்காரம்மா, "அப்புறம் என்ன, பெட்டியைக் கட்டு" என்கிறார். ஐந்து நாளாகத் தாள் மேஜையில் கிடக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை.

பிள்ளைகள் மேல் ஆசை இல்லாமலா? உங்கள் மேல் இல்லாமலா? மழை பெய்தால் மாடியில் துணி எடுத்தீர்களோ என்று நினைக்கிறேன். ஆனால் திரும்பி வந்தால் யாரிடம் வருகிறேன் என்று ஒரு பயம். ரப்பரை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். எனக்கு வலித்தது வேறு. அந்தப் பதிவேடு ஐந்து மாதம் நம் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. தினமும் சாயங்காலம் பென்சிலும் கையுமாக உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "என்ன பண்றே?" என்று கேட்டிருந்தால் அத்தனையும் சொல்லியிருப்பேன். வருகை குறிக்கிறாள் என்று நீங்களாக முடிவு செய்துகொண்டீர்கள்.

பதினோரு வருஷமாக நீங்கள் என்னைக் கேட்டதெல்லாம், "சாப்பாடு ஆச்சா? சாவி எங்கே? ஊருக்குப் போறியா, இல்லையா?" ஒரு வார்த்தையில் விடை எழுதுகிற கேள்விகள். நானும் ஒரு வார்த்தையில் விடை சொல்லியே பழகிவிட்டேன். இந்த மூன்று மாதக் கடிதத்தில் பேசிய அளவு நாம் மூன்று வருஷத்தில் பேசவில்லை. வந்துவிட்டால் மறுபடியும் சாவி எங்கே என்று ஆகிவிடுமோ?

அதனால் கேட்கிறேன். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத, நான் சொல்லாத ஏதாவது என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? இது பரீட்சை இல்லை. மதிப்பெண்ணும் கிடையாது.

டீச்சர்


செப்டம்பர் 25

என் டீச்சருக்கு,

ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுத ஆரம்பித்தேன். விடைத்தாள் மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன். வந்தபடி எழுதுகிறேன்.

நீ செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பாய். கோபமாக இருந்தால் துணி பிழியும்போது பாட்டு முணுமுணுப்பாய். சந்தோஷமாக இருந்தால் பாடமாட்டாய். யாராவது உன்னைப் புகழ்ந்தால் உடனே எழுந்துபோய் எதையாவது துடைப்பாய். தங்கை வந்துவிட்டுப் போனபின் ஒரு மணி நேரம் யாரோடும் பேசமாட்டாய், அவள்மேல் உனக்குக் கோபம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அவள் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்த கை வெறுமையாகிவிடுவதால் என்று அப்புறம் தோன்றியது.

பிரசவ ஆஸ்பத்திரி இருக்கும் தெரு வழியாக நாம் ஆறு வருஷமாகப் போவதில்லை. நீ கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போவாய். நானும் ஒன்றும் கேட்காமல் கூடவே சுற்றுவேன். அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நான் பார்க்காமல் இல்லை டீச்சர். கேட்டால் நீ அழுவாயோ என்று பயம். நானும் அழுவேனோ என்று அதைவிடப் பயம்.

உனக்கு டீ ஆறியிருந்தால்தான் பிடிக்கும். கல்யாணமான முதல் வாரமே கவனித்தேன். டம்ளரை எதிரில் வைத்துக்கொண்டு நன்றாக ஆறும் வரை தொடாமல் உட்கார்ந்திருந்தாய். அன்றிலிருந்து உன் டீயை முதலில் போட்டு, ஆறவைத்து, மேலே படிந்த ஆடையை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் தருகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

மீதி தெரியாது. பதினோரு வருஷத்துக்கு இது குறைவுதான். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். போடாவிட்டால் மாதம் ஒருமுறை நான் அங்கே வருவேன், தையல் கடை வாசலில் நிற்பேன். ஆனால் வீட்டில் நீ வேண்டும். எனக்கு நீ வேண்டும். இதைச் சொல்லப் பதினோரு வருஷமும் ஒரு பஸ் பயணமும் தேவைப்பட்டிருக்கிறது.

உன் நான்


செப்டம்பர் 30

அன்புள்ள உங்களுக்கு,

ஆஸ்பத்திரித் தெரு வரை படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன். உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஆறு வருஷமாக நான் தனியாகச் சுற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

செய்தித்தாள், பாட்டு, துடைக்கிறது எல்லாம் சரி. நான் துடைக்கிறேன் என்பதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டீ தப்பு.

எனக்கு ஆறின டீ பிடிக்கவே பிடிக்காது. வாயில் வைக்க முடியாது. அந்த முதல் வாரம் நான் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது உங்களுக்காக. நீங்கள் உங்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே குடித்தீர்கள். இப்போது வந்து உட்காருவார், இப்போது வந்து உட்காருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறிப்போயிற்று. அடுத்த நாள் நீங்கள் அத்தனை பக்குவமாக ஆறவைத்து, ஆடையெல்லாம் எடுத்து, நீட்டினீர்கள். அந்த முகத்தைப் பார்த்து எப்படி வேண்டாம் என்பது? பதினோரு வருஷம் குடித்துவிட்டேன்.

நீங்கள் பார்த்தீர்கள், கேட்கவில்லை. கேட்கட்டும் என்று நானும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி உட்கார்ந்திருந்தால் ஒரு நாள் விட்டிருப்பேனா? உங்களை மட்டும் குறை சொல்லி நாலு பக்கம் எழுதினேனே என்று வெட்கமாக இருந்தது. தையல்காரம்மாவிடம் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டு இன்று காலை அனுப்பிவிட்டேன். இங்கே புது டீச்சர் திங்கட்கிழமை வருகிறாள். பன்னிரண்டு பிள்ளைகளையும் ஒவ்வொருவராக அவளுக்குச் சொல்ல நாலு நாள் வேண்டும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்குவேன். டீயை ஆறவைக்க வேண்டாம். இரண்டு டம்ளரையும் மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்காருங்கள்.